அப்பாவை அழைத்துப் போன வழி

அப்பாவை வீட்டுக்கு அழைத்துப் போனவர்கள் மூன்று பேர். மகள் மெய்ச்சுன், கறுப்புச் சட்டமிட்ட அவர் படத்தை நெஞ்சோடு பிடித்தபடி. அவள் தம்பி ஜியன்பிங், கையில் புகையும் ஊதுவத்தி. பழைய எதிர்வீட்டு லுவோ அத்தை, யாரும் கூப்பிடாமலே.

உடல் காலையிலேயே ஆஸ்பத்திரியிலிருந்து எரியூட்டும் கூடத்துக்குப் போய்விட்டது. இந்த நடை அவர் ஆவிக்கு.

"அப்பா, இடது பக்கம் திரும்புறோம்," என்றாள் மெய்ச்சுன்.

ஒவ்வொரு திருப்பத்திலும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் செத்தவர் அங்கேயே நின்றுவிடுவார். ஏழாம் நாள் வீடு திரும்ப வழி தெரியாது.

"என் ஃபிளாட்டுக்கே வரட்டுமே," என்றான் ஜியன்பிங்.

"உயிரோட இருந்தப்பவே லிஃப்டுல எந்தப் பொத்தானை அமுக்கறதுன்னு தெரியாம நின்னவருடா."

"அதுக்காக? அந்தப் பழைய வீட்டை ஓட்டலாக்கப் போறாங்க. காலி பண்ணி எத்தனை மாசமாச்சு!"

"வேகமா நட. காவக்காரன் பூட்டிட்டா நாளைலேருந்து காண்ட்ராக்டர் ஆளுங்க உள்ள விடமாட்டாங்க."

ஹாங்கோ நகரில் ஒரு காலத்தில் ரஷ்யர்கள் குடியிருந்த பகுதி, சுற்றிப் பார்க்க வந்த வெளியூர்க்காரர்களால் பிதுங்கியது. செங்கல் மாளிகைகளுக்குப் புதுச் சாயம். ஒவ்வொரு வாசலிலும் யாராவது படமெடுத்துக்கொண்டு நின்றார்கள். அப்பா தினமும் நடந்த சந்து வழியைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். தகரத்தில் பூந்தொட்டி வைத்த ஜன்னல்களை வரைந்திருந்தார்கள். மெய்ச்சுன் அதை முறைத்துவிட்டு, பெரிய ரோட்டை விறுவிறுவென்று கடந்தாள்.

"ஐயையோ, நில்லு!" லுவோ அத்தை கத்தினாள். "ரோட்டைத் தாண்டறோம்னு நீ சொல்லவே இல்ல."

மெய்ச்சுன் திரும்பிப் பார்த்தாள். சிக்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டம் குளிர்ந்த தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"நேரமில்ல அத்தை."

"அப்பா அங்கயே நிக்கிறாருக்கா," என்றான் ஜியன்பிங். அவன் கிண்டல் செய்யவில்லை.

மறுபடி பச்சை விழக் காத்திருந்து, திரும்பிப் போய், மறுபடி காத்திருந்து கடந்தார்கள். "அப்பா, ரோட்டைத் தாண்டறோம். கார் வருது, பாத்து." அவள் குரல் தேவைக்கு மேல் உரக்க இருந்தது.

அடுத்த முனையில் வெள்ளை கவுன் போட்ட மணப்பெண் நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்றாள். "அக்கா, கொஞ்சம் ஒதுங்குங்க, படத்துல விழறீங்க," என்றான் கேமராக்காரன்.

"செத்தவர் வர்றாரு, நீ ஒதுங்குடா," என்றாள் லுவோ அத்தை. மணப்பெண் கவுனைச் சுருட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டினாள்.

காவற்காரன் பூட்டுடன் பழைய வீட்டு வாசலில் நின்றான். படத்தைப் பார்த்தான். "சீக்கிரம்," என்றான்.

மெய்ச்சுன் மட்டும் உள்ளே போனாள். கூடம் வெறுமையாக இருந்தது. மாடிப்படியைப் பெயர்த்து எடுத்துவிட்டிருந்தார்கள். படி இருந்த இடத்தில் சுவரில் சாய்வாக ஒரு வெள்ளைத் தடம் மட்டும். மேலே, எட்டாத உயரத்தில், அப்பாவின் அறைக்கதவு திறந்து கிடந்தது.

படி ஏறச் சொல்லப் படி இல்லை. வெளியே ஜியன்பிங் இருமினான்.

"அம்மா, இருட்டுது," என்றான் காவற்காரன்.

மெய்ச்சுன் படத்தைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"அப்பா, வெளிய போறோம், ஜியன்பிங் வீட்டுக்கு. வாசப்படி உசரம். காலைத் தூக்கி வைங்க."

அவள் வெளியே வந்துவிட்டாள். காவற்காரன் கதவை உடனே சாத்தவில்லை. இன்னும் ஓர் ஆள் வெளியே வரும் அளவு நேரம் அதைத் திறந்தே பிடித்திருந்தான். பிறகு இழுத்துச் சாத்திப் பூட்டினான்.