தொலையாத பத்திரம்

பொன்னேரி கோர்ட் வராந்தாவில் உட்கார்ந்திருந்த லோகநாயகிக்கு அக்தர் பேகம் வராமல் போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது. வந்துவிடுவாரோ என்று அதைவிடப் பயமாக இருந்தது.

விஷயம் எட்டு சென்ட் மனை. லைட்ஹவுஸ் குப்பத்தில் சாலையை ஒட்டின இடம். அப்பா சிங்காரம் அதை வாங்கும்போது அவளுக்குப் பதினேழு வயது, தம்பி தினகரனுக்குப் பதிமூன்று. மூன்று கோடை வெயிலில் நின்று அவள் நெத்திலி காயவைத்த உழைப்பு அதில் பாதி. பத்திரம் மட்டும் ஆம்பிளைப் பிள்ளை பெயரில். ஏன் என்று கேட்டால் கேட்டவளைத்தான் குப்பத்தில் ஒரு மாதிரி பார்ப்பார்கள். மைனர் பையனுக்குக் கார்டியனாகச் சிங்காரம் கைநாட்டு வைத்தார்.

ஆனால் சிங்காரம் லேசுப்பட்ட ஆளில்லை. கடல் ஏறினால் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நிற்கிற ஊர் அது. முக்கியமான காகிதமெல்லாம் பழவேற்காட்டு மாடி வீடுகளில்தான் இருக்கும். கருவாடு வாங்கும் சம்சுதீன் பாய் வீட்டுக்குப் பிள்ளைகள் இருவரையும் அழைத்துப் போனார். ஆளுக்கு ஓர் ஓரமாகப் பிடித்துப் பத்திரத்தைக் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்தால் ஒரு கட்டு உண்டு: இருவரும் சேர்ந்து வந்து கை நீட்டினால்தான் திரும்பக் கிடைக்கும். ஒருவர் மட்டும் போனால், அவர் கலெக்டரே ஆனாலும், டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அசல் இல்லாமல் மகன் விற்க முடியாது, மகளை யாரும் கிளப்ப முடியாது என்று நிம்மதியாகக் கண்ணை மூடினார் சிங்காரம். பத்திரத்தில் மகள் பெயரையும் ஒரு வரி எழுதியிருந்தால் இந்த வராந்தாவே தேவைப்பட்டிருக்காது. அது அவருக்குத் தோன்றவில்லை, பாவம்.

புருஷன் போன பிறகு லோகநாயகியின் வீடும் கருவாட்டுப் பந்தலும் அந்த மனையில்தான். போன வருஷம் அங்கே குடோன் கட்ட ஒருவன் விலை பேசினான். தினகரன் தனியாக இரண்டு தரம் பழவேற்காட்டுக்குப் போனான். பாய் மௌத்தாகி அடக்கம் செய்து வெகுநாள் ஆகியிருந்தது. அவர் மனைவி அக்தர் பேகம் இரண்டு தரமும் டீ கொடுத்தார். மூன்றாம் தரம் அவன் போனது போலீஸ் ஸ்டேஷனுக்கு. வெள்ளத்தில் பத்திரம் போய்விட்டது என்று புகார், பேப்பரில் விளம்பரம், தேடியும் கிடைக்கவில்லை என்று சான்றிதழ். லோகநாயகி பதிவு ஆபீசில் ஆட்சேபணை கொடுத்து விற்பனையை நிறுத்தினாள். நகலையே அசலாக ஏற்க உத்தரவு வேண்டும் என்று அவன் கோர்ட்டுக்கு வந்துவிட்டான்.

"லோகாக்கா, இப்பவும் சொல்றேன்," என்றாள் அவளுடைய வக்கீல் சத்யா. "பத்திரம் வரலன்னா, தொலைஞ்சதுன்னு அவரு சொல்றது உண்மைன்னு ஆயிடும். வந்துச்சுன்னா, பேரு அவருது. அவரு கையிலயே குடுன்னு நீதிபதி சொல்லலாம்."

"அப்போ ரெண்டு பக்கமும் எனக்குத்தான் அடியா?"

சத்யா வழக்குக் கட்டைப் புரட்டினாள்.

முந்தாநாள் அக்தர் பேகத்திடமும் லோகநாயகி இதைச் சொல்லிப் பார்த்தாள். "கோர்ட்ல ரெண்டு பேரும் ஒண்ணா நிப்பீங்கல்ல? அங்கயே கை நீட்டுங்க, தர்றேன். இது அமானிதம்மா, அடுத்தவங்க நம்பிக் குடுத்த பொருளு. நான் போறதுக்குள்ள ஒப்படைக்கணும்" என்று முடித்துவிட்டார் அவர்.

பதினொன்றரை மணிக்கு அக்தர் பேகம் வந்து சேர்ந்தார். கையில் ஜவுளிக்கடைப் பை. அவரைப் பார்த்ததும் தினகரன் முகம் சுண்டிப்போனது.

வழக்கைக் கூப்பிட்டார்கள். தினகரன் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தான். பத்திரம் என்ன ஆனது என்று சத்யா கேட்டாள்.

"பெட்டியோட தண்ணில போச்சுங்க. என் கண்ணால பாத்தேன்."

"யார்கிட்டயும் குடுத்து வைக்கலியே?"

"இல்லீங்க."

அசலோடு ஓர் அம்மா வந்திருக்கிறார் என்று சத்யா சொன்னதும் நீதிபதி நிமிர்ந்தார். அக்தர் பேகத்தை முன்னால் அழைத்தார்கள். கிளார்க் கை நீட்டினார். அக்தர் பேகம் பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அவங்க ரெண்டு பேரும் வரட்டும். கை நீட்டட்டும்."

"என்கிட்ட குடுங்கம்மா," என்றார் நீதிபதி.

"உங்ககிட்ட வாங்கலீங்களே."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. "சரி, பிரிச்சுக் காட்டுங்க. இது தன் பத்திரந்தானான்னு அவரே சொல்லட்டும்."

அக்தர் பேகம் பத்திரத்தைப் பிரித்துக் கூண்டருகே பிடித்தார். கடைசிப் பக்கத்தில் நீல மையில் கைநாட்டு. தூண்டில் முள் கிழித்த தழும்பு குறுக்கே ஓடும் கட்டைவிரல். குப்பத்தில் யாரைக் கேட்டாலும் சிங்காரம் என்பார்கள். லோகநாயகி பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். தினகரன் ஆமாம் என்று சொல்லி வாங்கிக்கொள்வான். வீடு போச்சு, பந்தல் போச்சு. அவன் வலது கை மெல்ல மேலே வருவதை அவள் பார்த்தாள்.

அவனுடைய வக்கீல் தொண்டையைக் கனைத்தார். ஆமாம் என்றால் சற்று முன் செய்த சத்தியம் பொய். பொய்ச் சத்தியத்துக்கு ஜெயில் உண்டு. கை இறங்கிவிட்டது.

"இது எங்களுது இல்லீங்க."

"கைநாட்டு?"

"எங்க நைனாது இல்ல. யாரோ வச்சிருக்காங்க."

அந்த விரலைப் பிடித்துக்கொண்டு நடை பழகினவன் பேசுகிறான்.

"உங்களுது இல்லன்னா உங்ககிட்ட குடுக்க வேண்டியதும் இல்ல," என்றார் நீதிபதி. பத்திரம் கோர்ட் பொறுப்பில் இருக்கட்டும், மறு உத்தரவு வரை மனையை விற்கக்கூடாது, பதிவு ஆபீஸ் ரேகைப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டுமானால் மனுப் போடலாம் என்றார். அக்தர் பேகம் தினகரனை ஒரு பார்வை பார்த்தார். "குடுத்தவனே இல்லன்னுட்டான்," என்று சொல்லி, அழுதுகொண்டே கிளார்க்கிடம் நீட்டினார்.

வெளியே வந்ததும் சத்யாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வேப்பமரத்தடியில் நின்றபடியே மனுவை எழுதினாள். "ரேகை ஒத்துப்போவும். அப்புறம் பொய்ச் சாட்சி கேஸ்லயிருந்து அவரு தப்ப முடியாது. கையெழுத்துப் போடுங்க."

லோகநாயகி பேனாவை வாங்கும்போது தினகரன் ஓடி வந்தான்.

"யக்கா, அதுல கையெழுத்துப் போடாத. மன உனக்கே. மொத்தமா எழுதிக் குடுத்துர்றேன், நாளைக்கே."

இந்த ஒரு வருஷமாக அவள் போராடியது அந்த மனைக்குத்தான். பாதிகூட அல்ல, முழுசாகத் தருகிறான். சத்யாகூட மனுவை நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"மன கெடக்கட்டும்," என்றாள் லோகநாயகி. "உள்ள போயி, அது எங்க நைனா கைதான்னு சொல்லிட்டு வா. நான் கையெழுத்துப் போடல."

தினகரன் கோர்ட் வாசலைப் பார்த்தான். பிறகு திரும்பி, டீக்கடையில் நின்ற தன் வக்கீலைப் பார்த்தான்.

"எங்க போடணும், காட்டு சத்யா," என்றாள் லோகநாயகி.