பட்டியல் கேட்டால் இருண்டுபோகும் திரை

பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் துணி வெட்டுவதற்கான அளவுகளை வரைந்து கொடுப்பவர் அவர். இருபத்தாறு வருடம் கத்திரி பிடித்த கை என்பதால் எல்லோருக்கும் கத்திரியக்கா. இப்போது கத்திரிக்குப் பதில் கணினி. திரையில் காலரையும் சட்டைக் கையையும் வரைந்து அனுப்பினால், பக்கத்தில் நீளமாகக் கிடக்கும் வரைபொறி அதைத் தாளில் கோடு கோடாக இழுத்துத் தரும். அந்தக் கணினியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தவர் மாப்பிள்ளை. ஒரு மருத்துவமனையில் கணினிகளைக் கவனித்துக்கொள்பவர்.

அன்று காலை, வரையும் மென்பொருளின் புதிய பதிப்பை விற்பவர்கள் கணினிக்குள் என்னென்ன பாகங்கள் இருக்கின்றன என்று பட்டியல் கேட்டிருந்தார்கள். மாப்பிள்ளை போனில் ஒரு நான்கெழுத்துக் கட்டளையைச் சொன்னார். "அதை அடிச்சா மெஷினே பட்டியல் போட்டுடும் அத்தை. பயப்படாதீங்க."

கத்திரியக்கா அடித்தார். திரை கறுத்துவிட்டது.

கரண்ட் போய்விட்டதோ என்று அண்ணாந்து பார்த்தார். விளக்கு எரிந்தது. கணினியின் விசிறி சுற்றியது. முன்பே அனுப்பியிருந்த சட்டைக் கையை வரைபொறி தன்பாட்டுக்கு வரைந்துகொண்டிருந்தது. உயிர் இருக்கிறது, முகத்தைத்தான் காணோம். அரை நிமிடம் கழித்துத் திரை திரும்பி வந்து, முன்பின் தெரியாதவரிடம் கேட்பதுபோல் பாஸ்வேர்ட் கேட்டது. திறந்து வைத்திருந்த பாவாடை வரைபடம் போன இடம் தெரியவில்லை.

மறுபடி அடித்தார். மறுபடி இருட்டு. மூன்றாவது முறையும் அதேதான். மாப்பிள்ளையை நேரே கூப்பிடக் கூச்சமாக இருந்ததால் மகளை அழைத்தார்.

"எத்தனை தடவைதான் அவரைத் தொந்தரவு பண்றது? நீ மெதுவா காதுல போட்டு வை."

"அவர் பண்ணிக் குடுத்த மெஷின்தானே? அவரே வந்து பார்க்கட்டும்மா!"

மதிய இடைவேளையில் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். உட்கார்ந்தார், கட்டளையை அடித்தார். பட்டியல் சரசரவென்று ஓடியது. "நல்லாத்தானே இருக்கு அத்தை?"

கத்திரியக்காவுக்கு ஒன்றுமே புரியவில்லை. அதே நாற்காலியில் உட்கார்ந்து அடித்தார். இருட்டு.

"எழுத்து மாத்தி அடிச்சுட்டீங்களோ?"

வேறு யாராவது கேட்டிருந்தால் நடந்திருப்பது வேறு. மாப்பிள்ளை ஆயிற்றே என்று கோபத்தை விழுங்கிக்கொண்டார். அவர் அடித்தால் ஓடியது, இவர் அடித்தால் திரை இருண்டது. "வளையல் கீபோர்டுல இடிக்குதோ?" என்றார் மாப்பிள்ளை, தானே நம்பாத குரலில். கத்திரியக்கா வளையலைக் கழற்றி வைத்துவிட்டு அடித்தார். அப்போதும் இருட்டுதான்.

வரைந்த இரண்டு சட்டைக் கைகள் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் கத்திரியக்கா ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்ப்பார். அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த வழி. வரைதாளில் ஒரு துண்டு கிழித்தார்.

"நீங்க அடிச்சதை இதுல எழுதுங்க. அதுக்குக் கீழே நான் எழுதறேன்."

கீழ்வரி ஒரு சொல் நீளமாக இருந்தது. கட்டளைக்கு முன்னால் 'சூடோ'.

"இதை எதுக்கு அத்தை போட்டீங்க?"

"நீங்கதானே சொன்னீங்க? கட்டளைன்னா முன்னாடி இதைப் போட்டுடுங்க, அப்பத்தான் மெஷின் மதிக்கும்னு. போன வருஷம்."

மாப்பிள்ளையின் காது சிவந்தது. "அது... முழு அதிகாரத்தோட கேக்கறது அத்தை. சும்மா கேட்டா வாசல்ல நின்னு கேட்டுட்டுப் போயிடும். இதைப் போட்டா ஒவ்வொரு பாகத்தையும் உள்ளே போய் உலுக்கிக் கேக்கும். திரைக்குப் படம் அனுப்பற கார்டு அதுல விழுந்துடுது போல."

"என்ன பாகம்னு கேட்டா பதில் சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? ஏன் விழணும்?"

நடந்ததையெல்லாம் கணினி குறித்துவைக்கும் பதிவேட்டை மாப்பிள்ளை திறந்து வெகுநேரம் படித்தார். "விழுந்துச்சுன்னு எழுதியிருக்கு. ஏன்னு எழுதலை."

சூடோ இல்லாத பட்டியலில் நினைவகம் எந்த வகை என்ற விவரம் வரவில்லை. விற்பவர்களுக்கு அதுதான் முக்கியம். கடைசியில் மாப்பிள்ளை தன் மடிக்கணினியிலிருந்து பட்டறைக் கணினிக்குள் நுழைந்து, பட்டியல் திரைக்குப் போகாமல் கோப்பில் சேரும்படி செய்துவிட்டு, வேண்டுமென்றே சூடோவோடு அடித்தார். விழப்போகிறது என்று தெரிந்திருந்தும் திரை கறுத்தபோது கத்திரியக்கா மறுபடி விளக்கை அண்ணாந்து பார்த்தார். ஆனால் பட்டியல் முழுசாக வந்திருந்தது.

அதை அனுப்பியதும் சாயங்காலமே விற்பவர்களிடமிருந்து பதில் வந்தது. இந்தக் கணினி போதுமாம். கார்டை இயக்கும் நிரலை எழுதியவர்களுக்கு மாப்பிள்ளை ஒரு கடிதம் போட்டார். அவர்கள் எப்போது பார்ப்பார்கள் என்பது யாருக்கும் தெரியாது.

மகள் போனில் கேட்டாள். "என்னன்னு புரிஞ்சுதாம்மா?"

"என்ன செய்யக் கூடாதுன்னு புரிஞ்சுது. ஏன்னுதான் இன்னும் பிடிபடலை. அவருக்கும்தான்."

போனை வைத்துவிட்டு, தொலைந்த பாவாடையை இடுப்புப் பட்டியிலிருந்து மறுபடி வரையத் தொடங்கினார்.