இருபத்தேழாவது வீடியோ

ஏழு வீடியோவில் இரண்டு பேர் கணக்கும் அப்படியே ஒத்துப்போனது. ஒன்றில் மட்டும் இடித்தது. டாக்டரம்மா அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அவள் இன்னும் டாக்டர் ஆகவில்லை. உளவியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த அன்று கணவன் கேலியாக வைத்த பெயர் அது. ஐந்து வருடத்தில் பெயர் தெருவுக்கே பரவிவிட்டது, பட்டம்தான் வந்தபாடில்லை. மகளுக்கும் ஆய்வுக்கும் ஒரே வயது.

ஆய்வு இதுதான்: நாற்பது அம்மாக்கள், நாற்பது பிள்ளைகள். வீட்டில் பத்து நிமிடம் விளையாடுவதை வீடியோ எடுத்து, யாரென்று தெரியாதபடி முகங்களை மங்கலாக்கி, குரலையும் நீக்கி, பத்து விநாடிக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். அம்மாவின் தலை பிள்ளை பக்கம் இருந்தால் ஒரு டிக். ஒரு வீடியோவுக்கு அறுபது கட்டம். ஒருத்தர் எண்ணியதை யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால், குலுக்கி எடுத்த எட்டு வீடியோவை இன்னொருத்தர் தனியாக எண்ணுவார். தாள்களைக் கொடுத்து முடிக்கும்வரை இருவரும் அதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது.

இருபத்தேழாவது வீடியோவுக்கு அவள் போட்ட டிக் ஐம்பத்தாறு. அமுக்குணி போட்டது இருபத்தொன்பது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள என்ன ஆச்சுன்னு சொல்லு," என்றார் வழிகாட்டிப் பேராசிரியர். "இல்லன்னா நாப்பதையும் மறுபடி எண்ணணும். இன்னொரு வருஷம் ஓடிடும்."

அமுக்குணி என்பது கூடப் படிக்கும் ஆய்வு மாணவிக்குத் துறையில் வைத்த பெயர். சிரித்தாலும் பல் தெரியாது, கோபப்பட்டாலும் குரல் ஏறாது. அடுத்த வருடம் துறையில் காலியாகும் ஒரே விரிவுரையாளர் வேலைக்கு இரண்டு பேருமே குறிவைத்திருந்தார்கள். டாக்டரம்மாவுக்கு நெஞ்சு பக்கென்றது அதனால் மட்டுமல்ல.

இருபத்தேழு யாரென்று அவளுக்குத் தெரியும். கடைசி நேரத்தில் ஒரு குடும்பம் கழன்றுகொண்டது. வேறு ஆள் தேட நேரமில்லாமல், தன் வீட்டுக் கூடத்திலேயே கேமராவை வைத்து, மகளோடு விளையாடி, அதை அந்த இடத்தில் செருகிவிட்டாள். தப்பு என்று தெரிந்தேதான் செய்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அமுக்குணி கண்டுபிடித்துவிட்டாள், வேறென்ன? போன வருடம் காய்ச்சலில் படுத்திருந்தபோது ஃபைல் வாங்க வீட்டுக்கு வந்தாளே, கூடத்து மஞ்சள் திரைச்சீலையை ஒரு நிமிடம் நின்று பார்த்தாளே! முகத்தை மங்கலாக்கத் தெரிந்த புத்திசாலிக்குத் திரைச்சீலையைக் கழற்றத் தோன்றவில்லை. பார்த்ததும் அடையாளம் தெரிந்திருக்கும், வேண்டுமென்றே குறைத்துப் போட்டிருப்பாள்.

மூன்று நாள் அவளையே நோட்டம் விட்டாள். அமுக்குணி செல்போனைக் கவிழ்த்து வைத்தால் சந்தேகம். பேராசிரியர் அறையிலிருந்து வெளியே வந்தால் சந்தேகம். ஒருநாள் அவளே தேடி வந்து, "டீ வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டாள், அன்றைக்கு டாக்டரம்மாவுக்கு வேலையே ஓடவில்லை. பாவம், அந்த டீயையும் குடிக்காமல் ஆறவிட்டாள்.

வியாழக்கிழமை மதியம் பொறுமை போயிற்று. "இருபத்தேழ இப்ப ஒண்ணா உக்காந்து பாக்கலாம். என் எதிர்ல எண்ணிக் காட்டு."

"சரி," என்றாள் அமுக்குணி. அவ்வளவுதான்.

கையும் களவுமாகப் பிடிக்கிற ஆவலோடு டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். வீடியோ ஓடியது. பத்து விநாடிக்கு ஒருமுறை அமுக்குணி நிறுத்தினாள். "தல எங்க இருக்கு, நீயே சொல்லு."

தலை கேமரா பக்கம் இருந்தது. அடுத்த கட்டத்திலும் கேமரா பக்கம். அதற்கடுத்து சுவர்க் கடிகாரம். பேட்டரி தீர்ந்துவிடுமோ, சிவப்பு விளக்கு எரிகிறதா, பத்து நிமிடம் ஆயிற்றா என்று பதறியது டாக்டரம்மாவுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. மற்ற வீடியோக்களில் தலையைப் பார்த்து டிக் போட்டவள், இதில் 'மகளோடுதானே இருந்தேன்' என்கிற நினைப்பில் போட்டுக்கொண்டே போயிருக்கிறாள்.

"இந்தக் குழந்தையப் பாரு," என்று அமுக்குணி திரையில் விரல் வைத்தாள். "சொப்புல டீ போட்டு அம்மாகிட்ட நீட்டுது. மூணு தடவ நீட்டிச்சு. நாலாவது தடவ அதுவே குடிச்சிடுச்சு. யாரு பெத்த புள்ளையோ. அன்னிக்கு வீட்டுக்குப் போயும் எனக்கு மனசே ஆறல."

டாக்டரம்மா அவள் முகத்தைத் துருவிப் பார்த்தாள். குத்தலா, நடிப்பா என்று தேடினாள். ஒன்றும் இல்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியாது.

"நான் பெத்ததுதான்," என்றாள் டாக்டரம்மா. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அன்று மாலையே பேராசிரியரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அவர் நல்ல டோஸ் விட்டார். அந்த வீடியோவை நீக்க வேண்டும், நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும், புதுக் குடும்பம் தேட வேண்டும். பட்டம் ஆறு மாதம் தள்ளிப்போனது. அந்த வேலை இனி அமுக்குணிக்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் பையை வீசிவிட்டு மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அம்மாவுக்கு ஒரு டீ குடு பாப்போம்."

மகள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். எழுந்துபோய் அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். மஞ்சள் திரைச்சீலையை விலக்கினாள். அம்மாவின் பைக்குள் கைவிட்டுத் துழாவினாள்.

"என்னடி தேடுற?"

"கேமரா எங்கம்மா?"

"கேமரா இல்லடி கண்ணு."

"அப்ப எதுக்கு விளையாடுற?"

டாக்டரம்மா கப்புக்காக இரண்டு கையையும் நீட்டினாள். மகள் யோசித்து யோசித்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, அம்மா எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.