கணினிக்கு அவள் அண்ணி

நான் நர்ஸாக இருக்கும் டயாலிசிஸ் வார்டில் முன்பு தடித்தடியான நோட்டுகள் இருந்தன. இப்போது நாட்டுக்கே ஒரே கணினி வலை. இன்னும் கொஞ்ச நாளில் மருத்துவரே தேவைப்பட மாட்டாராம், அதுவே வைத்தியம் பார்க்குமாம். பார்த்துக் கிழித்தது.

தாமிருக்குப் பத்தொன்பது வயது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. ஒன்றைக் கொடுக்க ஷோல்பான் வந்தாள். சோதனைகள் எல்லாம் பொருந்தின. விண்ணப்பத்தை ஏற்றியதும் திரை சிவந்தது: ‘ரத்த உறவு அல்ல. அண்ணன் மனைவி. தானம் செய்ய முடியாது.’

எங்கள் கசாக் வீடுகளில் தலைப்பிள்ளையைக் கணவனின் பெற்றோருக்கே கொடுத்துவிடுவது உண்டு. அவர்கள்தான் அதற்கு அப்பா, அம்மா. பெற்றவள் அண்ணி. தாமிர் ஷோல்பானின் தலைப்பிள்ளை. அவள் மாமியார் அவன் பிறப்புச் சான்றிலும் தாய் என்று தன் பெயரையே போட வைத்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டாள். ஊருக்கே தெரிந்த விஷயம் தாமிருக்கு மட்டும் தெரியாது.

"நோட்டு காலமா இருந்தா இவங்கதான் பெத்தவங்கன்னு ஒரு வரி எழுதி அனுப்பியிருப்பேன்" என்றார் டாக்டர் தல்கத். "இப்ப மரபணு சோதனைதான் வழி. பையன் கையெழுத்துப் போடணும். எதுக்குன்னு சொல்லாம வாங்க முடியாது."

ஷோல்பான் என் பக்கம் திரும்பினாள். "சொல்ல மாட்டேன்னு மாமியாருக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன், குல்யாஷ் அக்கா."

"செத்தவளுக்குச் சத்தியம், உயிரோட இருக்கறவனுக்கு என்னடி?" என்று சீறினேன்.

அவள் கட்டிலருகே போய் அழுதாள்.

"என்ன அண்ணி, நான் இன்னும் சாகல" என்று சிரித்தான் தாமிர்.

சொன்னாள். அவன் சிரிப்பு நின்றது.

"மத்த மூணு பிள்ளைங்கள யாருக்குக் குடுத்தீங்க?"

"யாருக்கும் குடுக்கலப்பா."

"அப்ப என்னை மட்டும்." சம்மதக் காகிதத்தைத் தள்ளினான். "குடுத்தது போதும். இனி எதுவும் குடுக்காதீங்க."

நாங்கள் கெஞ்சியும் அவன் இறங்கி வரவில்லை. எனக்கு அவன்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. முகம் தெரியாத யாரோ ஒருவரின் சிறுநீரகத்துக்கான வரிசையில் சேர்த்தோம். வரிசை நகரவில்லை. பனி உருகுவதற்குள் தாமிர் போய்விட்டான்.

இறப்பைப் பதிவு செய்தேன். ‘தாய்: காலமானார்’ என்று கணினி தானாகவே நிரப்பிக்கொண்டது. எதிரே ஷோல்பான் நின்றுகொண்டிருந்தாள்.

"உடம்பை எங்கிட்ட குடுத்துடுவாங்களா அக்கா?" என்று கேட்டாள். "அம்மான்னு எழுதினாதான் குடுப்பாங்கன்னா..."

"அண்ணிக்கும் குடுப்பாங்க" என்றேன். கையெழுத்துப் போட்டு வாங்கிப் போனாள்.