தேக்சாவோடு வண்டி பார்க்கப் போனவர்கள்

பஷீர் வீட்டில் ஒரு விசேஷத்துக்குக் கிளம்புவது என்றால் நான்கு விசேஷத்துக்குக் கிளம்புகிற கூத்து. வண்ணாரப்பேட்டையில் கல்யாண பிரியாணிக்குப் பேர்போன மாஸ்டர் அவர். விடிவதற்கு முன்னாலேயே தேக்சா என்கிற பிரியாணி அண்டாக்களோடு லோடு வண்டியில் ஏறிப் போய்விடுவார். தம்பி மஜீது மனைவி அனிஷாவையும் சின்ன மகனையும் பைக்கில் உட்காரவைத்துக்கொண்டு போவான். பஷீரின் மகன் யாசின் ரயிலில் வருவான். பஷீரின் மனைவி அஜீசாவுக்கு ஷேர் ஆட்டோ, அதிலும் பாதி சீட்டுதான். வழி முழுக்கப் போனும் கையுமாக வருவாள்.

"எங்க வந்துகினு கீறீங்க?"

கல்யாணமாகி இருபத்துநாலு வருஷத்தில் அவள் கணவரிடம் அதிகம் கேட்ட கேள்வி அதுதான். 'சாப்பிட்டீங்களா' என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

திருச்சி ஹாஸ்டலில் தங்கிப் படிப்பை முடித்து வீடு திரும்பியிருந்த மகள் ஃபராவுக்கு அங்கே பட்டமளிப்பு விழா என்று கடிதம் வந்தபோது அஜீசா அழுதாள், சிரித்தாள், பிறகு கண்டிப்பாக ஒன்று சொன்னாள். அந்த வீட்டில் அதற்கு முன்னால் பட்டம் விட்டுக் கையை அறுத்துக்கொண்டவர்கள் உண்டே தவிர, வாங்கியவர்கள் கிடையாது.

"இந்த ஒரு தபாவாவது ஏழு பேரும் ஒண்ணா ஏறி ஒண்ணா எறங்கணும். அவ அவ்ளோ தூரம் படிச்சிட்டு வந்து நிக்க சொல்ல, நாம ஆளுக்கொரு பக்கம் போய் எறங்கறதா? சொந்தமா ஒரு வண்டி பாருங்க. இல்லாங்காட்டி நான் வர்ல."

அவள் 'வர்ல' என்றால் வரமாட்டாள். பஷீருக்கு அது நன்றாகத் தெரியும். போதாக்குறைக்கு, மகளின் ஹாஸ்டல் தோழிகளுக்குத் தன் கையால் பிரியாணி கொண்டுவருவதாக வேறு வாக்குக் கொடுத்திருந்தார். ஆகவே ஏழு பேரோடு மூன்று கிலோ அரிசி வேகிற தேக்சா ஒன்றும் ஏறியாக வேண்டும். விழாவுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது.

மறுநாளே பஷீர் வண்டி பார்த்துவிட்டார். திருவொற்றியூரில் பழைய வண்டி விற்கும் வல்லரசுவின் ஷெட்டில் வெள்ளை வெளேரென்று ஏழு சீட்டு எஸ்.யூ.வி. ஒன்று நின்றது. மூன்று சுற்று சுற்றி வந்தார். உள்ளே உட்கார்ந்தார். மல்லிகைப்பூ வாசனை. மனுஷன் அங்கேயே விழுந்துவிட்டார்.

"இஞ்சின திறந்து பாத்தீங்களா?" என்று கேட்டாள் அஜீசா.

"எதுக்கு? திறந்து பாத்தா அந்த ஆளு மனசு இன்னா ஆவும்?"

இந்தக் கோளாறு பிரியாணி மாஸ்டர்களுக்கு மட்டுமே வரக்கூடியது. தம் போட்ட தேக்சாவை நடுவில் எவனாவது திறந்து பார்த்தால் பஷீர் அவனோடு ஜென்மத்துக்கும் பேசமாட்டார். மூடியைத் தூக்குவது சமைத்தவனை நம்பாத காரியம் என்பது அவர் கட்சி. அந்த மரியாதையைக் கொண்டுபோய் கார் பானெட்டுக்கும் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

அஜீசா வல்லரசுவுக்குப் போன் போட்டாள். "அண்ணே, நாளைக்குக் காலைல நாங்க வர்ற வரிக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க." லோடு வண்டி ஓட்டும் மஜீது சொல்லிக்கொடுத்த யோசனை அது.

மறுநாள் இரண்டு ஆட்டோவில் ஏழு பேரும் தேக்சாவும் போய் இறங்கினார்கள். வல்லரசு தேக்சாவையே பார்த்தார்.

"பாய், வண்டிக்கு எலுமிச்சம்பழம் எடுத்துகினு வருவாங்க, பாத்துகீறேன். இத்த இப்பதான் பாக்கறேன்."

"இது எங்க எட்டாவது ஆளு" என்றாள் அஜீசா. பேசிக்கொண்டே உள்ளங்கையைப் பானெட் மேல் வைத்தாள். அடுப்பு எரிந்து அணைந்த பாத்திரத்தையும் எரியாத பாத்திரத்தையும் தொட்டே சொல்லிவிடுகிற கை அது. "இன்னாண்ணே, சூடா கீது?"

"வெயிலுதான்க்கா..."

"ஷெட்டுக்குள்ள இன்னா வெயிலு?"

மஜீது சிரித்துவிட்டான். "ராத்திரி பூரா ஆறின டீசல் இஞ்சின் காலைல எப்டி எழுந்துக்குதுன்னு பாத்தாதான் அதோட வண்டவாளம் தெரியும் அண்ணாத்தே. எவ்ளோ முக்குது, எவ்ளோ பொகை வுடுதுன்னு நாம பாத்துடக் கூடாதுன்னுதான் முன்னாடியே ஓட்டி வெச்சிகிறாரு."

பஷீர் ஒப்புக்கொள்ளவில்லை. "யாராச்சும் கஸ்டமர் ஓட்டிப் பாத்திருப்பான். நீ தேக்சாவ ஏத்து."

கடைசி வரிசைக்குப் பின்னால் தேக்சாவை வைத்தார்கள். அது நேராக உட்காராமல் ஆடியது. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஆடியது. அடியில் மேட்டிங் உப்பியிருக்கிறது என்று அஜீசா அதன் ஓரத்தைப் பிடித்து உரித்தாள். மல்லிகை வாசனைக்கு அடியிலிருந்து வேறொரு நாற்றம் எழுந்தது. சீட்டைப் பிடித்திருந்த போல்ட்டுகள் துருவேறிக் கிடந்தன. உள்பக்கத் தகட்டில் ஒரு முழ உயரத்தில் நேராக ஒரு கறுப்புக் கோடு. விரலால் தேய்த்தாள், பிசுபிசுத்தது.

அந்தக் கோட்டை அவளுக்குத் தெரியும். எண்ணூர் கழிமுகத்தின் ஓரம்தான் அவள் பிறந்த வீடு, இப்போது அண்ணன் இருக்கிறார். இரண்டு மூன்று வருஷத்துக்கு முந்தைய புயல் வெள்ளத்தில் தண்ணீரோடு எண்ணெயும் சேர்ந்து வீட்டுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு மண்ணெண்ணெயும் தேங்காய் நாருமாக ஒரு மாதம் அங்கே போய்ச் சுவரைத் தேய்த்தாள். கோடு போகவில்லை. இன்றைக்கும் அண்ணன் வீட்டுச் சுவரில் அது அப்படியே இருக்கிறது.

"இந்த வண்டி வெள்ளத்துல நின்னுகீது" என்றாள். "அதுவும் எங்க ஊரு வெள்ளத்துல."

வல்லரசுவின் முகம் சுருங்கியது. "சத்தியமா தெரியாதுக்கா. ஏலத்துல எடுத்தேன். நானும் ஏமாந்துதான் கீறேன்."

"தெரியாம எடுத்தது சரிண்ணே. மல்லிப்பூ சென்ட்டு தெரியாமயா அடிச்சீங்க?"

பஷீர் தேக்சாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். ஆட்டோவில் ஏறியதும், "மூடிய நான் திறந்து பாத்திருக்கணும்" என்றார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்ததால் அஜீசா 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்பதைச் சொல்லாமல் விழுங்கினாள். அவள் வாழ்க்கையில் அது பெரிய தியாகம்.

அதற்கப்புறம் பஷீரைப் பிடிக்க முடியவில்லை. எந்த வண்டியைப் பார்த்தாலும் திறந்தார். பானெட்டைத் திறந்தார், டிக்கியைத் திறந்தார், விற்பவர் வேண்டாம் வேண்டாம் என்று கத்தக் கத்த சூடான ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார். மஜீதுதான் இழுத்துப் பிடித்தான். ஒரு வண்டியின் மீட்டர் நாற்பதாயிரம் கிலோமீட்டர் என்றது, ஆனால் கிளட்ச் மிதியின் ரப்பர் மழமழவென்று தேய்ந்துகிடந்தது. இன்னொன்றில் முன் டயர்கள் உள்பக்கம் மட்டும் மொட்டையாக இருந்தன, எங்கோ பலமாக மோதியிருக்கிறது. மூன்றாவது எல்லாருக்கும் பிடித்தது. ஆனால் அதன் ஆர்.சி.யில் பேங்க் கடன் அடைபடாமல் நின்றது. அஜீசாவுக்கு இராத்தூக்கம் போயிற்று. வெள்ளிக்கிழமை வந்தும் வண்டி வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை விழா. மறுபடியும் நாலு வழியாகப் போய்த்தான் மகள் பட்டத்தைப் பார்க்கப்போகிறோம் என்று புலம்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை ராயபுரத்தில் வலை வியாபாரி பெனிட்டோ வீட்டு வாசலில் போய் நின்றார்கள். சாம்பல் நிற எஸ்.யூ.வி. பக்கவாட்டில் துறைமுக லாரி உரசிய தழும்பு. அஜீசா பானெட்டைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. மஜீது சாவியைத் திருப்பியதும் ஒரே தடவையில் கிளம்பியது, புகையும் இல்லை.

"பின்னாடி ஏ.சி. வேலை செய்யாது" என்றார் பெனிட்டோ. "கிளட்ச் அடுத்த வருஷம் மாத்தணும். டயர் ரெண்டு புதுசு, ரெண்டு பழசு. பில்லெல்லாம் இந்தப் பையில கீது. வண்டி மேல கடன் இல்ல. பேரு மாத்தறதுக்கு எங்க கையெழுத்து போடணுமோ போடறேன்." கொஞ்சம் தயங்கினார். "அப்பால, ஒரு வாசனை கீது பாய்."

கதவைத் திறந்ததும் அது எல்லாரையும் வந்து கட்டிக்கொண்டது. எட்டு வருஷமாக வலையும் கருவாடும் ஏறி இறங்கிய வாசனை. அனிஷா துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினாள். அவள் மகன் ஒரு முழு நிமிஷம் மூச்சைப் பிடித்துச் சாதனை செய்தான்.

பஷீர் மட்டும் உள்ளே தலையை விட்டு ஆழமாக இழுத்தார். மேட்டிங்கை நாலு மூலையிலும் தூக்கிப் பார்த்தார். தகட்டில் துரு இல்லை, கோடு இல்லை. தேக்சாவைப் பின்னால் வைத்தார். அசையாமல் உட்கார்ந்தது.

"மறைக்காத வாசனை" என்றார். "இதான் நம்ம வண்டி."

சனிக்கிழமை முழுக்க வீடே சேர்ந்து எலுமிச்சையும் சோப்புமாக வண்டியைத் தேய்த்தது. கருவாடு பாதிதான் இறங்கியது. ஞாயிறு விடிந்ததும் கிளம்பினார்கள். மஜீது ஓட்டினான். அவன் பக்கத்தில் முன் சீட்டில் அஜீசா. நடுவில் ஃபராவும் அனிஷாவும் பையனும். கடைசி வரிசையில் யாசினோடு பஷீர், தம் போட்ட தேக்சாவுக்குக் காவலாக. ஜன்னல்களை இறக்கிவிட்டிருந்தார்கள். செங்கல்பட்டு தாண்டும்போது பிரியாணி கருவாட்டை ஜெயித்துவிட்டது.

அஜீசா பழக்கதோஷத்தில் போனைக் கையில் பிடித்தபடியே இருந்தாள். யாருக்குப் பண்ணுவது என்று தெரியவில்லை. அப்போது அது தானாக அடித்தது. திரையில் கணவரின் பெயர். பதறிப்போய்க் காதில் வைத்தாள்.

"எங்க வந்துகினு கீற?" என்றது குரல், போனிலும் அவள் முதுகுக்குப் பின்னாலும்.

வண்டி குலுங்கச் சிரித்தார்கள். அஜீசாவும் சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. திரும்பிப் பார்க்காமல் முந்தானையால் துடைத்துக்கொண்டு போனிலேயே பதில் சொன்னாள்.

"உங்களுக்கு முன்னாடிதாங்க. பேசினது போதும், போன வெச்சிட்டு மூடியப் பாத்துக்குங்க. யாசினு தொறக்கப் போறான்."