மடக்கிப் பார்த்த துப்பாக்கி

அந்தச் சனியனைக் குழி தோண்டிப் புதைத்துவிடு என்று புருஷன் மாதேஸ்வரன் சொல்லியிருந்தான். சுகுணாவுக்கு மனசு வரவில்லை. வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகாத சாமானை எந்தக் குடியானவன் வீட்டுப் பொம்பளை மண்ணுக்குக் கொடுப்பாள்? சேந்தமங்கலத்தில் ஜெய்லானி பாய் இருக்கிறார், தையல் மிஷினிலிருந்து ஏர்கன் வரை எல்லாம் ரிப்பேர் பார்க்கிறவர், அவர் தலையில் கட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லி, துப்பாக்கியை உரச்சாக்கில் சுற்றிக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறினாள்.

மலைமேல் குண்டனி நாட்டிலிருந்து அடிவாரம் போய்ச் சேரும் வரை அவள் எதையும் நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்றால் நிஜமாகவே நினைக்கவில்லை. ஒரு மாதமாக அப்படித்தான். சோறு வடிப்பாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள், புருஷனுக்குக் கட்டுப் பிரித்து மருந்து விடுவாள். ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப் போகுமே, அப்படி மரத்திருந்தது உள்ளே. பக்கத்துச் சீட்டுக்காரி, மூட்டையில் என்ன என்று கேட்டதற்கு மண்வெட்டிப் பிடி என்று சொன்னாள். பொய் சொல்கிறோமே என்றுகூட உறைக்கவில்லை.

நடந்தது என்னவென்று ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியும் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அவர்கள் வீட்டில் மாமனார் காலத்திலிருந்து ஒரு பழைய ஏர்கன் இருந்தது. குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். குண்டை ஒவ்வொன்றாகக் கையால்தான் வைக்க வேண்டும். பெருச்சாளிக்குத்தான் குண்டு. குரங்குக்குக் கிடையாது. குரங்கைக் கொன்ற குடும்பம் விளங்காது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அதனால் குரங்கு வந்தால் குழலை மடக்குவார்கள், கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்கள், ஓட்டைக்குள் வெளிச்சம் தெரிந்தால் காலி. மூடிவிட்டு வெறும் காற்றைச் சுடுவார்கள். 'டப்' என்ற சத்தத்துக்கே பத்துக் குரங்கு பறக்கும். கல்யாணமாகி வந்த முதல் வாரமே சுகுணா இதைக் கற்றுக்கொண்டாள். மடக்கு, வெளிச்சம் பார், மூடு, கொடு. பதினாறு வருஷத்தில் ஒருநாள்கூட அவள் பார்க்காமல் கொடுத்ததில்லை.

பழையது ஸ்பிரிங் உடைந்து போனதும் மாதேஸ்வரன் போனில் ஆர்டர் போட்டு இந்தப் புதியதை வாங்கினான். குழலுக்கு மேலே ஒரு குட்டிப் பெட்டி, அதில் பத்துக் குண்டு. குண்டைச் சேர்த்து வைக்கிற டப்பி என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கூட வந்த காகிதம் இங்கிலீஷில் இருந்தது. அதைப் படிக்க அந்த வீட்டில் யாருக்குப் பொறுமை இருந்தது? சுகுணா அதை அரிசி டிரம்முக்கு அடியில் போட்டுவிட்டாள். ஒரு வாரம் பெருச்சாளி தொல்லையே இல்லாததால் மாதேஸ்வரன் பெட்டியை நிரப்பியதோடு சரி, சுடவே இல்லை.

மாசி மாதம், மிளகு பறிப்பு. மாதேஸ்வரன் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சார்த்தி, கொடிக்குள் தலையை விட்டுப் பறித்துக்கொண்டிருந்தான். குரங்குக் கூட்டம் இறங்கியது. கீழே நின்ற அவன் தம்பி சந்தோஷ்குமார், "அண்ணி, துப்பாக்கிய எடுத்தாங்க" என்று குரல் கொடுத்தான். அவள் எடுத்தாள். மடக்கினாள். பார்த்தாள். வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தது. மூடினாள். "காலிதான் சாமி" என்று சொல்லிக் கொடுத்தாள். அவன் மரத்தைப் பார்த்து விசையை இழுத்தான். அண்ணன் மரத்தில் இருந்தது அவனுக்குத் தெரியும். இருந்தால் என்ன, வெறும் காற்றுதானே.

மாதேஸ்வரனுக்கு வலது கண் போய்விட்டது.

கைதவறி நடந்தது என்று மாதேஸ்வரன் போலீஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். ஊர் அப்படி விடுமா? பொங்கலுக்கு முன்னால்தான் அந்த மிளகுத் தோட்டத்தைப் பிரிப்பதில் அண்ணனுக்கும் தம்பிக்கும் வாய்த்தகராறு வந்திருந்தது. ஊர்க் கவுண்டர் சின்னுசாமி கோயில் முன்னால் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்யச் சொன்னார். சுகுணா, துப்பாக்கி காலியாக இருந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லிக் கற்பூரத்தை அணைத்தாள். சந்தோஷ், நான் குண்டு போடவில்லை என்று சொல்லி அணைத்தான். இரண்டும் உண்மையாக இருக்க முடியாதே. கண்ணை இழந்தவன் பெண்டாட்டி எதற்குப் பொய் சொல்லப் போகிறாள்? கைமாறிய அந்த நொடியில் சந்தோஷ்தான் குண்டைப் போட்டிருக்கிறான் என்று முடிவு கட்டினார்கள். இனி அவனுக்கு வீட்டிலும் பங்கில்லை, ஊர்த் திருவிழாவிலும் இடமில்லை. கண்ணால் காண்பதும் பொய் என்று பள்ளிக்கூடச் சுவரில் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிற ஊர்தான் அது. சுவரில் எழுதினால் போதுமா?

சுகுணா கைபிடித்து வளர்த்த பிள்ளை அவன். அவள் மருமகளாக வந்தபோது எட்டு வயசு. அவன் துணிப்பையோடு பஸ் ஏறியதை அவள் வாசலில் நின்று பார்த்தாள். தடுக்கவில்லை. பார்த்ததைப் பார்த்தேன் என்றுதானே சொன்னேன் என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் அந்த மரத்துப்போதல் ஆரம்பித்தது.

ஜெய்லானி பாய் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு மணல் மூட்டை பக்கம் வாயைத் திருப்பி வைத்து, குழலை மடக்கினார். வழக்கம் விடுமா? சுகுணா குனிந்து ஓட்டையைப் பார்த்தாள்.

"காலிங்க" என்றாள்.

பாய் சிரித்தார். குழலை மூடி, விசையை இழுத்தார். மணல் மூட்டையில் சின்னதாய் ஒரு ஓட்டை விழுந்து மணல் ஒழுகியது.

சுகுணாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னொரு தடவை செய்யச் சொன்னாள். அவர் மடக்கினார், வெளிச்சம் தெரிந்தது, மூடினார், சுட்டார், இரண்டாவது ஓட்டை. மறுபடியும் கேட்டாள். மூன்றாவது ஓட்டை விழுந்த பிறகு பாய் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

அவர் பெட்டியைக் கழற்றி, ஸ்குரூடிரைவர் முனையால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். குழலை மடக்கும்போது ஸ்பிரிங் இறுகுகிறது. அதே நேரத்தில் இங்கே ஒரு ஊசி பின்னால் போகிறது, பெட்டியிலிருந்து ஒரு குண்டு அந்த இடத்துக்கு வந்து நிற்கிறது. அப்போது குழல் காலிதான், பார்த்தால் வெளிச்சம் தெரியும். மூடும்போது ஊசி முன்னால் வந்து குண்டைக் குழலுக்குள் தள்ளிவிடுகிறது.

"ஒரே மடக்குல ரெண்டு வேலைங்கம்மா. திறந்து பாத்து மூடினாலே லோடு ஆயிரும். பழைய துப்பாக்கி ஞாபகத்துல இதைத் தொடக்கூடாது."

கையால் குண்டு வைக்க முடியாதா என்று கேட்டாள். அதற்கு வழியே இல்லை, பெட்டியின் சட்டம் மறைத்துக்கொண்டிருக்கிறது, விரல் நுழையாது என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று கேட்டு இரண்டு குண்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பெட்டியில் மிச்சமிருந்ததை எல்லாம் பாய் தட்டிக் கொட்டிக் காலி செய்து கொடுத்தார். துப்பாக்கியை விற்கவில்லையா என்று அவர் கேட்டது அவள் காதில் விழவில்லை.

ரோட்டில் நின்றாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. நான்தான் போட்டேன் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். அடுத்த வீட்டுக்காரி செய்ததைச் சொல்வது போல இருந்தது. எவ்வளவு பத்திரமாகப் பார்த்தோம், பார்த்ததுதான் வினை. பார்க்காமல் தூக்கிக் கொடுத்திருந்தால் அவனே மடக்கியிருப்பான், அவன் பாவம் அவனோடு போயிருக்கும் என்று ஒரு கேடுகெட்ட நினைப்பு வந்தது. அப்படி நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். மலை பஸ்ஸுக்கு நிற்காமல் நாமக்கல் பஸ்ஸில் ஏறினாள். சந்தோஷ் அந்த ரோட்டில் ஒரு கோழிப் பண்ணையில் வேலைக்கு இருந்தான். அவனைக் கையோடு கூட்டிப் போய்க் கவுண்டர் முன்னால் நிறுத்திச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

கோழி எரு வாடையில் மூச்சு முட்டியது. சந்தோஷ் முட்டைகளை அட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். அண்ணியைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அண்ணனுக்கு எப்படி இருக்கிறது, மாடு கன்று போட்டதா என்று மரியாதையாக விசாரித்தான். இரண்டு பேரும் வேப்ப மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தார்கள். அவள் சுற்றி வளைக்கவில்லை. பாய் சொன்னதை அப்படியே சொன்னாள், துப்பாக்கியை மடக்கி, ஊசியைக் காட்டினாள்.

"நீ ஒண்ணும் பண்ணல சாமி. நாந்தான். வா, ஊட்டுக்குப் போலாம்."

அவன் முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தாள். பெரியவர்கள் சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போல அவன் அவளைப் பார்த்தான்.

"வேண்டாங்க அண்ணி. எனக்காவ பழிய ஏத்துக்காதீங்க. நான்தானுங்க போட்டேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கற்பூரத்தை அணைத்தாயே என்றாள். அணைத்தது பொய்ச் சத்தியம் என்றான். முதலில் ஞாபகம் இல்லையாம். எல்லாரும் சொல்லச் சொல்ல, தினமும் படுத்துக்கொண்டு யோசிக்க யோசிக்க, ஒவ்வொன்றாக ஞாபகம் வந்துவிட்டதாம். பெட்டியிலிருந்து ஒரு குண்டை நகத்தால் நெம்பி எடுத்தது, அது சில்லென்று இருந்தது, குழலில் வைத்து அமுக்கியது, எல்லாம்.

"போன ஞாயித்துக்கெழம அண்ணனுக்குப் போன் போட்டு ஒத்துக்கிட்டனுங்க. அண்ணன் அழுதாரு. அப்புறம், போனாப் போவுது உடு தம்பி, மன்னிச்சுட்டேன்னாரு. அன்னைக்குத்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு."

மாதேஸ்வரன் இதைப் பற்றி அவளிடம் மூச்சு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் ரொம்ப நாளைக்குப் பிறகு இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அவளுக்கு நினைவு வந்தது. மறுநாள் காலையில்தான், துப்பாக்கியைப் புதைத்துவிடு என்று சொன்னான்.

அவளுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு குண்டை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். துப்பாக்கியை மடக்கி அவனிடம் கொடுத்தாள்.

"எப்படி வெச்சியோ, அதே மாதிரி வெச்சுக் காட்டு."

அவன் தயங்காமல் வாங்கினான். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே குண்டைப் பிடித்துக் குழலின் பக்கம் கொண்டு போனான். சட்டம் இடித்தது. துப்பாக்கியைத் திருப்பி, மறுபக்கத்திலிருந்து விட்டுப் பார்த்தான். போகவில்லை. சுண்டு விரலால் தள்ளினான். குண்டு நழுவி மண்ணில் விழுந்தது. தேடி எடுத்து, சட்டையில் துடைத்து, மறுபடியும் வைத்தான். நெற்றியில் வேர்வை அரும்பிவிட்டது. ஷெட்டிலிருந்து யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் திரும்பவில்லை.

"அன்னைக்குப் போச்சுங்களே அண்ணி" என்றான்.

"போவாது சாமி."

"போச்சுங்க."

எத்தனை தடவை முயன்றான் என்று அவள் எண்ணவில்லை. நகம் கிழிந்து ரத்தம் வந்த பிறகுதான் நிறுத்தினான். குண்டு நசுங்கிப் போயிருந்தது. அதை விரலில் வைத்து உருட்டினான். பிறகு தலையை நிமிர்த்தாமல் கேட்டான்.

"அப்போ அண்ணன் மன்னிச்சது யாரைங்க?"

சுகுணாவுக்குள் ஒரு மாதமாக மரத்துக் கிடந்தது அந்த நேரம் பார்த்துத்தான் விட்டது. வேப்ப மரத்தில் கையை ஊன்றிக்கொண்டாள். இரண்டு நாளைக்கு ஒரு தடவையாவது, உங்க தம்பி இப்படிப் பண்ணிட்டானே என்று தன் வாயால் புருஷனிடம் சொன்னதெல்லாம் திரண்டு வந்தது. அவன் ஒவ்வொரு முறையும், விடு என்றுதான் சொன்னான். அவள்தான் விடவில்லை.

"அவரு இன்னும் யாரையும் மன்னிக்கல கண்ணு" என்றாள். "கேக்க வேண்டியவ இன்னும் கேக்கல."

பண்ணையில் சொல்லிக்கொண்டு பையை எடுத்துவா என்றாள். அவன் எழுந்திருக்கவில்லை. அவனை அங்கேயே விட்டுவிட்டு, ஷெட்டிலிருந்து கூப்பிட்ட ஆளிடம் அவனுக்காகச் சொல்லிக்கொள்ள அவளே போனாள்.