தட்டில் வந்த மாத்திரை

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். வேலைக்குக் கிளம்புமுன் ஐந்து மணிக்கே காபி போட்டு, தட்டில் என் தைராய்டு மாத்திரையையும் வைத்து என்னை எழுப்புவார். வீட்டில் அவர் செய்யும் ஒரே வேலை அதுதான். அதையும் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

மூன்று வருடமாகியும் என் களைப்பு போகவில்லை. டாக்டரம்மா இரண்டு முறை மாத்திரையின் அளவைக் கூட்டினார். மூன்றாம் முறை போனபோதுதான் கேட்டார்.

"மாத்திரைய எதோட முழுங்குறீங்க?"

"காபியோட. இவர்தான் கொண்டுவந்து குடுப்பாரு."

"அதான் விஷயம். காபியோட போட்டா மருந்து குடல்லேர்ந்து ரத்தத்துக்கு ஒழுங்காப் போய்ச் சேராது. வெறும் வயித்துல தண்ணியோட போடுங்க. ஒரு மணி நேரம் கழிச்சுதான் காபி."

பக்கத்து நாற்காலியில் இவர் முகம் சுண்டிப்போனது. சரி, இனி காபிக்கும் நாமேதான் எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அன்று ராத்திரி படுத்தேன்.

யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். மணி நான்கு. தண்ணீரும் மாத்திரையுமாக நின்றுகொண்டிருந்தார்.

"போட்டுட்டுத் தூங்கு. அஞ்சு மணிக்குக் காபிக்கு எழுப்புறேன்."

என் களைப்பு போன மாதிரிதான்.